கத்தியின்றி இதயத்தை எட்டிய கதிர்

இதயவறைகளில் எழும் கடுந்துடிப்பு திடீர் மரணத்தை விளைக்க வல்லது. முந்திய மாரடைப்பு விட்டுச் சென்ற தழும்பினூடே மின்னோட்டம் சுழல்வதே பெரும்பாலும் அதன் காரணமாகும். குருதிக்குழாய் வழியே மென்குழாயைச் செலுத்தி அவ்விடத்தைச் சுட்டழிக்கும் முறை 1980களிலிருந்து வளர்ந்தது. எனினும், தசையின் ஆழத்தே கிடந்த தழும்புகளை அது எப்போதும் எட்டவில்லை.

கபாலத்தைத் திறவாது, பல திசைக் கதிர்களை ஒரு புள்ளியிற் குவித்து மூளைநோயைத் தீர்க்கலாமெனச் சுவீடிய மருத்துவர் லார்ஸ் லெக்செல் 1951இல் எடுத்துரைத்தார். ஆனால் மூளையைப்போல இதயம் அசையாதிருப்பதன்று. மேலும், கதிர் இதயத்துக்குக் கேடு என்பதே மருத்துவர் கற்ற பாடம். ஆதலின் அவ்வெண்ணம் இதயத்தை அடைய அரைநூற்றாண்டுக்கு மேலாயிற்று.

2017இல் அமெரிக்காவின் சென்ற் லூயிஸ் நகரிலுள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தார், ஏனைய வழிகள் பயன்படாத ஐந்து நோயாளர்க்கு ஒரேமுறை 25 கிரே கதிர் செலுத்திய முடிவை வெளியிட்டனர். முந்திய மூன்று திங்களில் அவர்களிடம் 6577 தடவை தோன்றிய கடுந்துடிப்பு, சிகிச்சையின் பின் ஆறு வாரங்கள் கழிந்ததும், அனைவர்க்குமாகக் கணித்த 46 திங்களில் நான்கு தடவையே தோன்றியது. ஒருவர் மூன்றாம் வாரத்திற் பாரிசவாதத்தால் இறந்தமையும் அவ்வறிக்கையில் இடம்பெற்றது.

கதிர் புதுத் தழும்பை உண்டாக்கி மின்வழியைத் தடுக்கும் என்பதே முதற்கருத்து. ஆயின் தழும்பு முதிரப் பல திங்களாகும். பயனோ அதற்கு முன்னரே தெரிந்தது. கதிர் தசைக்கலங்களின் மின்கடத்தும் இயல்பையே மாற்றுகின்றதென 2021இல் அப்பல்கலைக்கழக ஆய்வு காட்டிற்று. விளக்கம் பிழைத்தபோதும் சிகிச்சை பயன் தந்தது. எனினும், கதிரின் தீங்கு ஆண்டுகள் கடந்தும் வெளிப்படக்கூடும் என்ற பழைய பாடம் பொய்யாகிவிடவில்லை. உயிர்காத்த கதிரையும் நெடுங்காலம் கண்காணித்தல் மருத்துவத்தின் கடனாகும்.