மூட்டு நோவும் தேகாப்பியாசமும்: ஒரு சரித்திர நோக்கு

ஒரு வீட்டில் முழங்கால் நோவுடைய பெரியவர் ஒருவர் இருப்பாராயின், அவருக்கு உபதேசஞ் செய்ய வருவோருக்குக் குறைவில்லை. "ஆடாமல் அசையாமல் இருங்கள், தேய்ந்த கால் இன்னுந் தேயும்" என்பர் ஒரு சாரார். "நடந்து நடந்து நோவை முறியுங்கள்" என்பர் மற்றொரு சாரார். முன்னவர் சொற்கேட்ட பெரியவர் முதலிற் கோயில் வீதி சுற்றுவதை விடுகிறார். பின்பு படலையளவில் நின்றுவிடுகிறார். ஈற்றிற் சாய்மனைக் கதிரையே அவருக்கு உலகமாகிறது. பின்னவர் சொற்கேட்டவரோ ஒருநாள் மூன்று மைல் நடந்து, மூன்று நாள் படுக்கையிற் கிடந்து, "நடை எனக்கு ஒத்துவராது" என்று தீர்ப்புக் கூறிவிடுகிறார். இவ்விரு உபதேசங்களும் நம் அயலவர் தாமாகக் கண்டுபிடித்தவை அல்ல. வைத்திய சாத்திரத்தின் சரித்திரத்திலே பெரும் பெயர் பெற்றோர் பலர் இவ்விரண்டையும் மாறிமாறிப் போதித்துள்ளனர். அளவு என்னும் ஒன்றை அவர்கள் எங்கே கண்டனர், எங்கே மறந்தனர் என்பதே அச்சரித்திரத்திற் கவனிக்கத்தக்கது என நாம் கருதுகின்றோம்.

பாரத நாட்டின் பழைய வைத்திய நூல்களுள் ஒன்றாகிய சுசுருத சங்கிதை தேகாப்பியாசத்தை மிகப் புகழ்கின்றது. புகழ்ந்ததோடு நில்லாது, ஒருவன் தன் பலத்திற் பாதியளவே அதனைச் செய்தல் வேண்டும் என்று வரையறையும் செய்கின்றது. மூச்சு வாய்வழியாக வாங்கத் தொடங்குதல் பாதிப் பலம் செலவாயிற்று என்பதற்கு அடையாளமாம். மாதவ நிதானம் என்னும் பிற்கால நூல், மூட்டுக்கள் வீங்கி நோகும் ஆமவாதத்தைத் தனி நோயாகப் பிரித்து வருணிக்கின்றது. இவற்றைக் காட்டி, "எல்லாம் நம் முன்னோர் அறிந்தனவே" என்று மேடைகளிற் கூறுவாருளர். அது பொருந்தாது. சுசுருதர் கூறிய பாதிப்பலம் பெரிதும் சுகதேகிகளுக்கு உரிய விதி; நோயாளர் பலருக்கு அவர் தேகாப்பியாசத்தை விலக்கியே வைத்தார். ஆயினும், உடலின் உழைப்பை நாட்கணக்காலோ மைற்கணக்காலோ அளவாது, செய்பவனுடைய பலத்தைக் கொண்டே அளக்கவேண்டும் என்ற எண்ணம் அங்கே தோன்றிவிட்டது. அதனை நினைவில் வைத்துக்கொண்டு மேனாட்டின் பக்கம் செல்வோம்.

இங்கிலாந்திலே தோமஸ் சிடென்ஹாம் என்னும் வைத்தியர் பல்லாண்டு கவுட் என்னும் மூட்டு நோயால் வருந்தியவர். 1683இல் அந்நோயைப் பற்றி அவர் எழுதிய நூலில், தினந்தோறும் உடலசைவு வேண்டும் என்றும், குதிரைச் சவாரி அதற்கு மிக உகந்தது என்றும் கூறினார். தாமே நோயாளியாய் இருந்து எழுதியமையால் அவ்வார்த்தைக்கு ஒரு தனி மதிப்புண்டு. ஆனால் 1743இல் வில்லியம் ஹண்டர் என்பார், மூட்டிலுள்ள குருத்தெலும்பு ஒருமுறை அழிந்தால் மீண்டும் வளராது என்று எடுத்துக்காட்டினார். தேய்மானம் என்ற அச்சம் அதன்பின் வலுப்பெறுவதற்கு இடமுண்டாயிற்று.

பத்தொன்பதாம் நூற்றாண்டு ஓய்வின் நூற்றாண்டு. லண்டன் நகரிலே ஜோன் ஹில்ற்றன் 1860 முதல் 1862 வரை நிகழ்த்திய விரிவுரைகள், ஓய்வே இயற்கையின் மருந்து என்பதை விளக்கி 1863இல் நூலாக வெளிவந்தன. லிவர்ப்பூல் நகரிலே ஹியூ ஓவன் தோமஸ் (1834–1891) இன்னும் ஒருபடி மேற்சென்று, நோயுற்ற மூட்டுக்கு வேண்டுவது கட்டாயமான, இடைவிடாத, நெடுங்கால ஓய்வு என்றார். அவர் அமைத்த இரும்புச் சட்டம் முதலாம் உலக மகாயுத்தத்திலே தொடையெலும்பு முறிந்த போர்வீரர் பலரின் உயிரைக் காத்தது.

இவர்களை இன்று எள்ளி நகையாடுதல் எளிது, நீதியன்று. அக்காலத்து வைத்தியசாலைகளில் இடுப்பிலும் முழங்காலிலும் நோயோடு கிடந்த சிறுவர் பலர் சயரோகத்தாற் பீடிக்கப்பட்டவர். அந்நோய்க்கு ஏற்ற ஸ்ரெப்ரோமைசின் என்னும் மருந்து 1943இலேதான் கண்டுபிடிக்கப்பட்டது. மருந்தில்லாத காலத்திலே, சீழ்கொண்ட மூட்டை அசையாமல் வைத்திருத்தல் அறிவுடைய செயலே. சயரோக மூட்டுக்குப் பொருந்திய விதியை வயோதிபரின் தேய்ந்த முழங்காலுக்கும், சுளுக்கிய கணுக்காலுக்கும், எல்லா மூட்டு நோவுக்கும் பொதுவிதியாக்கியதே பிழையாயிற்று என்பது நமது துணிபு.

அப்பிழையை முதலிற் கண்டவர்கள் பட்டதாரிகளல்லர்; நம்மூர் முறிவு நெரிவு வைத்தியரைப் போன்ற இங்கிலாந்து நாட்டு எலும்பு வைத்தியர்கள். நெடுங்காலம் கட்டிவைத்தமையால் இறுகிப்போன மூட்டுக்களை அவர்கள் ஒரு திருப்பில் அசைத்து விடுவர். நோயாளி நடந்து வீடு செல்வார். பெரிய வைத்தியர்களுக்கு இது தீராத அவமானமாயிற்று. 1867இல் சேர் ஜேம்ஸ் பாஜற் என்னும் புகழ்பெற்ற சத்திரவைத்தியர், எலும்பு வைத்தியர் குணமாக்கும் நோய்களைப் பற்றி ஒரு விரிவுரையே செய்து, அவர்களிடமுள்ள நல்லதைக் கற்றுத் தீயதைத் தள்ளுமாறு தம் தொழிலினரை எச்சரித்தார். அக்காலத்திற் பேர்பெற்ற எலும்பு வைத்தியர் றிச்சட் ஹற்றன் என்பவர். அவர் நோயுற்றபோது பீற்றர் ஹூட் என்னும் வைத்தியர் பணம் பெறாது சிகிச்சை செய்தார். அந்நன்றியை மறவாத ஹற்றன், தமது தொழில் இரகசியத்தைக் கற்பிக்க முன்வந்தார். பீற்றரின் மகன் வாட்டன் ஹூட் அதனைக் கற்று 1871இல் உலகறிய எழுதி வெளியிட்டார். பரம்பரைத் தொழிலைப் பிறர்க்குக் காட்டாது மறைத்து, ஈற்றிலே தம்மோடு சுடலைக்குக் கொண்டுசெல்லும் வழக்கத்தை அறிந்த நமக்கு, ஹற்றன் செய்தது சிறு காரியமாகத் தோன்றவில்லை. இதிலே வேடிக்கையும் ஒன்றுண்டு: ஓய்வின் பெரும் போதகரான ஹியூ ஓவன் தோமஸ் தாமே எலும்பு வைத்தியர் பரம்பரையில் வந்தவர்.

அதே காலத்தில், யாழ்ப்பாணத்து மானிப்பாயிலே அமெரிக்க மிஷனைச் சேர்ந்த வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன் மேனாட்டு வைத்திய நூல்களைத் தமிழாக்கிக்கொண்டிருந்தார். 1867இல் 'இரண வைத்தியம்', 1872இல் 'மனுஷ அங்காதிபாதம்' முதலியன வெளிவந்தன. எலும்பு, மூட்டு, தசைநார் என்பவற்றின் அமைப்பைத் தமிழ் மாணவர் தம் மொழியிலே கற்க வழி பிறந்தது. சமய விடயத்தில் அவருடைய நோக்கத்தோடு நம் சங்கத்தவர் உடன்படார். மிஷன் பாடசாலையிற் கற்ற நாமும் உடன்படோம். எனினும், உடலைப் பற்றிய அறிவு தமிழிற் கூடும் என்று செய்துகாட்டிய அவருடைய தொண்டு மறுக்கற்பாலதன்று.

சுவீடன் நாட்டிலே ஓய்வுக்கு மாறான வேறொரு மரபு வளர்ந்தது. பேர் ஹென்றிக் லிங் 1813இல் ஸ்ரொக்ஹோம் நகரில் தேகாப்பியாசக் கலாசாலையை நிறுவினார். குஸ்தாவ் சாண்டர் 1865இல் அங்கே யந்திரங்களாற் கைகால்களை அசைப்பிக்கும் நிலையமொன்றை அமைத்தார். ஆயினும் பெரிய வைத்தியசாலைகளின் வழக்கம் எளிதில் மாறவில்லை.

மாற்றம் இருபதாம் நூற்றாண்டின் நடுவில் வந்தது. 1947இல் றிச்சட் ஆஷர் என்னும் ஆங்கில வைத்தியர், படுக்கையிற் கிடப்பதனால் விளையும் கேடுகளைப் பற்றிக் கூர்மையும் நகைச்சுவையும் கலந்து எழுதினார். அடுத்த ஆண்டிலே அமெரிக்காவில் பிலிப் ஹெஞ்ச், வாதமூட்டழற்சியால் முடங்கிய பெண்ணொருவருக்குக் கோட்டிசோன் மருந்தைக் கொடுக்க, அவர் சில நாட்களில் எழுந்து நடந்தார். 1950இல் ஹெஞ்சும் வேறிருவரும் நோபல் பரிசு பெற்றனர். அம்மருந்தின் தீய விளைவுகள் பின்னரே நன்கு வெளிப்பட்டன. 1970 அளவில் கனடாவின் ரொறன்ரோ நகரிலே றொபேட் சால்ரர் முயல்களின் மூட்டுக்களை ஆராய்ந்து, அசையாது கட்டப்பட்ட மூட்டிலும் மெல்ல அசைந்துகொண்டிருந்த மூட்டிலே குருத்தெலும்பின் சிறு காயங்கள் நன்றாக ஆறுவதைக் கண்டார். 1971இல் அமெரிக்க வைத்தியர் சிலர் வாதமூட்டழற்சி நோயாளரை இரு பகுதியாக்கி, ஒரு பகுதியினரைப் பூரண படுக்கையில் வைத்துப் பார்த்தனர். குறிப்பிடத்தக்க மேலதிக நன்மை எதுவும் காணப்படவில்லை.

ஏன் இவ்வாறு? குருத்தெலும்புக்கு இரத்தக்குழாய் இல்லை. மூட்டினுள் இருக்கும் வழவழப்பான நீரிலிருந்தே அதற்கு உணவு செல்லவேண்டும். காலை ஊன்றும்போது அது நனைந்த பஞ்சைப்போல அமுங்கி நீரை விடும். காலைத் தூக்கும்போது மீண்டும் உறிஞ்சும். அசையாத மூட்டு பட்டினி கிடக்கும் மூட்டு. அதுவுமன்றி, முழங்காலைத் தாங்கி நிற்பது தொடையின் முன்தசை. நோவுக்கு அஞ்சி நடவாதிருந்தால் அத்தசை மெலியும். தசை மெலிய மூட்டின்மேற் சுமை கூடும். சுமை கூட நோவும் கூடும். தேய்ந்த வண்டிச் சில்லை உவமை காட்டி முதியோரை இருத்திவைப்போர் இதனைச் சிந்திப்பதில்லை. சில்லு உண்பதுமில்லை, வளர்வதுமில்லை.

1997இல் வெளியான அமெரிக்க ஆராய்ச்சியொன்றில், முழங்காற் தேய்வு நோயுடைய 60 வயதுக்கு மேற்பட்ட 439 பேர் 18 மாதங்கள் கவனிக்கப்பட்டனர். நடைப்பயிற்சியோ பாரப்பயிற்சியோ செய்தோருக்கு நோவும் இயலாமையும் ஓரளவு குறைந்தன. எக்ஸ்கதிர்ப் படங்களில் அவர்களுடைய மூட்டு மேலும் கெட்டதாகக் காணப்படவில்லை. குறைவு சிறிதே என்பதையும் மறைத்தலாகாது. அப்பியாசம் தேய்ந்த முழங்காலைப் புதிதாக்குவதில்லை. 2003இல் ஒல்லாந்து நாட்டார் வாதமூட்டழற்சியுடைய 309 பேரைக் கொண்டு ஈராண்டு நடத்திய ஆராய்ச்சி கடுமையான பயிற்சியைப் பற்றியது. பயின்றோர் வலிமை பெற்றனர். ஆனால் பெரிய மூட்டுக்கள் முன்னரே மிகச் சிதைந்திருந்தோருக்கு அச்சிதைவு சற்று மிகுதலுங் கூடும் எனத் தெரிந்தது. அளவு என்ற சொல் இங்கே மீண்டும் வந்துவிடுகிறது.

அவ்வளவை இன்று எவ்வாறு காண்பது? தென்மார்க்கு நாட்டிலே 2013இல் தொடங்கிய பயிற்சித் திட்டத்தின் விதி எளிது. நோவே இல்லாமையைச் சைபர் என்றும், தாங்கவொண்ணா நோவைப் பத்து என்றும் வைத்துக்கொள்க. அப்பியாசஞ் செய்யும்போது இரண்டுவரை அச்சமில்லை, ஐந்துவரை பொறுக்கலாம், அதற்குமேற் சென்றால் செய்வதைக் குறைத்தல் வேண்டும். கூடிய நோவு மறுநாளைக்குள் பழைய நிலைக்கு இறங்கிவிட்டால் அளவு சரி. இறங்காவிடின் அடுத்தமுறை தூரத்தையோ தடவையையோ குறைக்கவேண்டும். முற்றாக விடுதல் வேண்டியதில்லை. இவ்விதிக்கு வைத்தியரின் யந்திரம் எதுவும் தேவையில்லை. கோயில் வெளிவீதி மூன்றுமுறை சுற்ற முடியாதவர் அரைச்சுற்றில் தொடங்கி, ஒரு கிழமை கழித்துச் சிறிது கூட்டலாம். உயரமான கதிரையிலிருந்து கைபிடியாமல் எழுந்து இருத்தலைப் பத்துத்தடவை செய்வதே தொடைத்தசைக்கு நல்ல பயிற்சி. முழங்காலை முற்றாக மடக்கிக் குந்துதலும், நிலத்தில் வீழ்ந்து வணங்குதலும் நோயுற்ற மூட்டுக்குப் பெருஞ்சுமையாதலின், பெரியவர் ஒருவர் நின்றபடியே கைகூப்பினால் பக்கத்தில் நிற்கும் வாலிபர் முகஞ்சுளித்தல் ஆகாது. கிணற்றடியிலே அவருடைய வாளியைப் பிடுங்கிக்கொள்ளும் அன்பையும் சற்று அடக்கிக்கொள்க. பாதி வாளியைத் தூக்க அவருக்கு இடங்கொடுங்கள்.

ஹில்ற்றனும் தோமசும் போதித்த ஓய்வுக்கும் இன்று இடமுண்டு. மூட்டு சிவந்து, சூடேறி, வீங்கியிருக்கும் நாட்களில் வேகமும் பாரமும் விலக்கி, மெல்ல மடக்கி நீட்டுதலோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். விழுந்தபின் கால் ஊன்ற முடியாதிருந்தால் அது அப்பியாசத்துக்கு உரிய நோவன்று. ஒரு மூட்டு திடீரென வீங்கிக் கொதிக்க, உடனே காய்ச்சலும் காணுமாயின், அது மூட்டினுட் கிருமி புகுந்ததன் குறியாயிருக்கலாம். அங்கே எண்ணெய்ப் பூச்சும் நடையும் உதவா. அன்றைக்கே வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லல் வேண்டும்.