உலாந்தா: ஒரு மாகாணம் நாட்டுக்குப் பெயரான கதை

பழவேற்காட்டில் கோட்டை கட்டியவர்களைத் தமிழ்நாட்டு வரலாற்று நூல்கள் டச்சுக்காரர் என்கின்றன. 1658இல் போர்த்துக்கீசரிடமிருந்து யாழ்ப்பாணத்தைப் பிடித்தவர்களை இலங்கை நூல்கள் ஒல்லாந்தர் என்கின்றன. பழைய தமிழ் எழுத்துகளில் அவர்களே உலாந்தாக்காரர். உலகப்படத்தில் அவர்கள் நாட்டைத் தேடினால் நெதர்லாந்து என்று இருக்கிறது. ஒரே மக்களுக்கு நம் மொழியில் நான்கு பெயர்கள். இவற்றில் எதுவும் பிழையில்லை. ஒவ்வொன்றும் வேறொரு காலத்தில், வேறொரு வழியாக நம்மிடம் வந்து சேர்ந்தது.

ஒல்லாந்தும் உலாந்தாவும் ஒரு வேரில் பிறந்தவை. மூலச் சொல் ஹாலந்து. அது முதலில் ஒரு நாட்டின் பெயரே அல்ல. ரைன் ஆற்றின் முகத்துவாரத்தை ஒட்டி, இன்றைய ஹார்லெம் நகரைச் சுற்றியிருந்த ஒரு நிலப்பகுதியின் பெயர். 1101ஆம் ஆண்டு ஆவணம் ஒன்றில் இரண்டாம் ஃபுளோரிஸ் என்ற சிற்றரசர் 'ஹாலந்தின் கோமகன்' என்று குறிக்கப்படுகிறார். பழைய டச்சு மொழியில் 'ஹோல்ட்' என்றால் மரம், காடு. ஜெர்மன் மொழியில் மரத்தைக் குறிக்கும் 'ஹோல்ட்ஸ்' அதன் உறவுச்சொல். ஆகவே ஹாலந்து என்பது காட்டு நிலம்.

இதற்கு இன்னொரு விளக்கமும் நெடுங்காலமாக வழங்கி வருகிறது. 'ஹோல்' என்றால் குழிவு. நாடு கடலுக்குக் கீழே குழிந்து கிடப்பதால் இந்தப் பெயர் என்பார்கள். கேட்பதற்குப் பொருத்தமாக இருக்கும். ஆனால் பழைய வடிவத்தில் உள்ள 'ட்' ஒலி அதை ஏற்காது. காலக்கணக்கும் ஏற்காது: பெயர் வழங்கத் தொடங்கியபோது அந்த நிலம் இவ்வளவு தாழ்ந்திருக்கவில்லை. மணல்மேடுகளுக்குப் பின்னால், மட்கிய தாவரங்கள் அடுக்கடுக்காகச் சேர்ந்த கரிமண் சதுப்பு பரந்திருந்தது. ஏறத்தாழ 11ஆம் நூற்றாண்டிலிருந்து உழவர்கள் அதில் வாய்க்கால் வெட்டி நீரை வடித்தார்கள். நீர் வடிந்த கரிமண் இறுகியது, காற்றுப் பட்டு மக்கியது, ஆண்டுக்கு ஆண்டு அமிழ்ந்தது. போதாததற்கு, விறகுக்குப் பதிலாக எரிக்கவென்று அதையே வெட்டியும் எடுத்தார்கள். வெட்டிய இடங்கள் ஏரிகளாயின. பிறகு கரை கட்டி, காற்றாலை வைத்து இறைக்க வேண்டியதாயிற்று. 1852இல் வற்றவைத்த ஹார்லெம் ஏரியின் படுகையில்தான் இன்று ஸ்கிபோல் விமான நிலையம், கடல்மட்டத்துக்குச் சுமார் 3 மீட்டர் கீழே இருக்கிறது. நாட்டின் நிலப்பரப்பில் ஏறத்தாழ 26 சதவீதம் கடல்மட்டத்துக்குக் கீழே. காட்டு நிலம் என்று பெயர் பெற்ற மண், மனிதர் உழைப்பால் குழிந்த நிலமாயிற்று. பொய்யான சொல்விளக்கம் உண்மைபோலத் தோன்றுவதற்கு அந்த உழைப்பே காரணம்.

நெதர்லாந்து என்ற பெயரில் தாழ்வு உண்மையாகவே இருக்கிறது. 'நெதர்' என்றால் கீழ். ஆனால் அந்தக் கீழ் கடல்மட்டத்தை வைத்துச் சொன்னதன்று. ஆற்றின் போக்கை வைத்துச் சொன்னது. ஆல்ப்ஸ் மலையில் பிறக்கும் ரைன் இறங்கி வந்து கடலில் கலக்கும் கீழ்ப்பகுதி அது. நிலம் சரியும் பக்கத்தைக் கிழக்கு என்றும் உயரும் பக்கத்தை மேற்கு என்றும் சொன்ன தமிழருக்கு இந்தப் பெயரிடும் முறை புதிதல்ல. டச்சு மொழியில் இது நெடுங்காலம் பன்மையில் வழங்கியது: தாழ்நாடுகள். இன்றைய பெல்ஜியமும் லக்சம்பர்க்கும் அதில் அடக்கம். பேரரசர் ஐந்தாம் சார்லஸ் 1549இல் இவற்றின் 17 மாகாணங்களையும் பிரிக்கமுடியாத ஒரே உரிமையாக்கினார். அவர் மகன் இரண்டாம் பிலிப்புக்கு எதிராகக் கிளர்ந்த வடமாகாணங்கள் 1579இல் உத்ரெக்ட் நகரில் ஒப்பந்தம் செய்து கூடின. ஏழு மாகாணக் குடியரசு அதிலிருந்து எழுந்தது. 1648இல் ஸ்பெயின் அதன் விடுதலையை ஏற்றது.

அந்த ஏழில் ஒன்றுதான் ஹாலந்து. ஆனால் குடியரசின் செலவில் பாதிக்கு மேல், ஏறத்தாழ 58 சதவீதத்தை, அந்த ஒரு மாகாணமே சுமந்தது. கப்பலும் அதனிடமே மிகுதி. 1602இல் தொடங்கிய கிழக்கிந்தியக் கம்பெனிக்கு ஆறு கிளைகள்: ஆம்ஸ்டர்டாம், டெல்ஃப்ட், ராட்டர்டாம், ஹோர்ன், என்க்ஹாய்சன், மிடில்பர்க். கடைசி ஒன்று மட்டும் ஸேலாந்து மாகாணம். மற்ற ஐந்தும் ஹாலந்து. ஆசியத் துறைமுகங்களில் வந்திறங்கியவர்கள் எந்த நாட்டார் என்ற கேள்விக்கு உலகம் என்ன விடை கேட்டிருக்கும் என்பது இதிலேயே தெரிகிறது. அவர்களுக்கு முன்பே இங்கிருந்த போர்த்துக்கீசர், தங்கள் மொழியில் ஹகரத்தை ஒலிக்காமல், ஒலாந்தா என்றார்கள். தமிழில் அது உலாந்தாவாயிற்று, மலாயில் பெலாந்தா, ஜப்பானில் ஒராந்தா. டச்சு நூல்கள் வழியே ஐரோப்பிய அறிவியலைக் கற்றதை ஜப்பானியர் 'ரன்காகு' என்றார்கள். அதிலுள்ள 'ரன்', ஒராந்தாவின் நடு அசை.

டச்சு என்ற சொல் ஆங்கிலத்தின் வழியே வந்தது. அதன் வேர் ஒரு பழைய ஜெர்மானியச் சொல், பொருள், மக்கள். இலத்தீனில் பேசிய குருமாருக்கு எதிர்ப்பக்கமாக, பொதுமக்களின் பேச்சு என்று 8ஆம் நூற்றாண்டிலேயே அது பதிவாகியிருக்கிறது. ஜெர்மானியர் தம்மை அழைத்துக்கொள்ளும் 'டாய்ச்' என்பதும் இதே சொல்தான். ஆங்கிலேயர் முன்பு இரு நாட்டாரையும் டச்சு என்றனர். 17ஆம் நூற்றாண்டில் கடல்வாணிகத்திலும் போரிலும் தமக்கு மிக நெருங்கிய போட்டியாளரான நெதர்லாந்தவருக்கு மட்டும் அது நிலைத்தது.

வெளியுலகம் ஹாலந்து என்றாலும் அவர்கள் தம் மாகாணங்களைக் கலந்துவிடவில்லை. பழவேற்காட்டுக் கோட்டைக்கு கெல்டர்லாந்து மாகாணத்தின் பெயரால் கெல்ட்ரியா என்று பெயர். யாழ்ப்பாணக் கோட்டையின் ஐந்து கொத்தளங்களுக்கும் மாகாணப் பெயர்களே: ஹாலந்து, ஸேலாந்து, கெல்டர்லாந்து, உத்ரெக்ட், ஃபிரீஸ்லாந்து. நெடுந்தீவு இன்றும் ஆங்கிலத்தில் டெல்ஃப்ட். அவர்கள் போன பின்பும் கந்தோர், துட்டு என்ற சொற்கள் தமிழில் தங்கிவிட்டன.

ஹாலந்து என்ற பெயரில் ஓர் அரசு இருந்தது நான்கே ஆண்டுகள். 1806இல் நெப்போலியன் தன் தம்பி லூயிக்காக ஹாலந்து அரசை உண்டாக்கினான்; 1810இல் அவனே அதைப் பிரான்சோடு சேர்த்துக்கொண்டான். 1815இல் பெல்ஜியத்தையும் சேர்த்து நெதர்லாந்து முடியரசு அமைந்தது. 1830இல் பெல்ஜியம் பிரிந்தது. 1840இல் ஹாலந்து மாகாணமும் வடக்கு, தெற்கு என இரண்டாயிற்று. இன்றுள்ள 12 மாகாணங்களில் அவை இரண்டு. ஃபிரீஸ்லாந்துக்காரரையோ லிம்பர்க்காரரையோ ஹாலந்துக்காரர் என்றால் அது பொருந்தாது; பலர் அதை விரும்புவதும் இல்லை. 2020 முதல் டச்சு அரசும் தன் விளம்பரங்களில் ஹாலந்தை விட்டு நெதர்லாந்து என்றே சொல்கிறது.

தமிழில் எழுதுபவர்களுக்கு இதில் ஒரு தெளிவு உண்டு. இன்றைய நாட்டைச் சொல்லும்போது நெதர்லாந்து என்பதே சரி; ஹாலந்து என்று எழுதினால் பத்து மாகாணங்களை விட்டுவிடுகிறோம். பழைய கடற்கரை வரலாற்றை எழுதும்போது ஒல்லாந்தரையும் உலாந்தாவையும் பழஞ்சொல் என்று தள்ளிவிடக் கூடாது. டச்சு என்பது ஆங்கிலம் படித்த பிறகு நாம் பெற்ற சொல். உலாந்தா, அந்தக் கப்பல்கள் வந்த காலத்திலேயே நம் துறைமுகத்து மக்கள் காதால் கேட்டு, தம் நாவுக்கு ஏற்ப அமைத்துக்கொண்ட சொல்.