சுவா சூ காங் வட்டாரத்துப் பறவைக் குளங்கள்

குளம், குட்டை, ஏரி, ஏந்தல், ஊருணி, கயம் என நீர்நிலைக்குப் பல பெயர் சூட்டிய மொழி தமிழ். இவற்றுள் பலவும் மாந்தர் தம் பயிருக்காகவும் குடிநீருக்காகவும் வெட்டியவை. பறவைக்கெனக் குளம் வெட்டியோர் அரியர். மாந்தன் தனக்கென வெட்டிய குளத்திற்குப் பறவை தானே வந்தது. அவ்வாறு வந்ததைக் காப்பதா, கைவிடுவதா என்னும் வினா சிங்கப்பூரின் வடமேற்கே, சுவா சூ காங் நகருக்கு வடக்கிலுள்ள கடலோரத்தில் எழுந்தது. அதற்குக் கிடைத்த விடை அத்தீவின் இயற்கைப் பாதுகாப்பு வரலாற்றில் ஒரு திருப்பமாயிற்று.

'சுவா' என்பது சீனக் குடிப்பெயர். 'காங்' ஆற்றங்கரையைக் குறிக்கும். 19ஆம் நூற்றாண்டில் தியோச்சியூ மக்கள் இப்பகுதியின் ஆற்றோரங்களில் மிளகும் காம்பியரும் பயிரிட்டனர். காம்பியர் இலையைக் காய்ச்ச விறகு வேண்டும். விறகுக்குக் காடு வேண்டும். ஆதலின் உள்நாட்டுக் காடு முதலில் அழிந்தது. கடலோரக் கண்டற்காட்டிற்கு அடுத்த நூற்றாண்டில் இறால் வளர்ப்பால் கேடு வந்தது. கண்டல் மரங்களை வெட்டி, சேற்றை வாரிக் கரை எழுப்பி, கரையில் மதகு வைத்துக் குளம் அமைத்தனர். ஜொகூர் நீரிணையை நோக்கியிருக்கும் சுங்கை பூலோவில் இத்தகைய குளங்கள் பல இருந்தன. 'மூங்கில் ஆறு' என்பது அம்மலாய்ப் பெயரின் பொருள்.

அக்குளங்கள் இயங்கிய முறை எளியது, ஆயினும் நுட்பமானது. கடல் ஏறும் பொழுது மதகைத் திறப்பர். நீரோடு இறாற்குஞ்சுகளும் உட்புகும். பின்னர் மதகை அடைத்து வளரவிடுவர். பிடிக்கும் காலம் வந்ததும், இரவில் கடல் வற்றும் நேரம் பார்த்து மதகில் வலை கட்டித் திறந்துவிடுவர். நீர் வடிய, இறால் வலையில் சேரும். குளத்தடியில் சேறு வெளிப்படும். அச்சேற்றில் புழு, நண்டு, நத்தை ஆகியவை மிகுதி.

சைபீரியாவிலிருந்து ஆஸ்திரேலியா வரை நீளும் வான்வழியில் வலசை செல்லும் கரைப்பறவைகள் கடல் வற்றும் போது வெளியேயுள்ள சேற்றுநிலத்தில் மேயும். கடல் ஏறியதும் அந்நிலம் மூழ்கிவிடும். அவ்வேளையில் கால் ஊன்றி இளைப்பாற அவற்றிற்கு வேறிடம் வேண்டும். நீர் தாழ்ந்த இறாற்குளங்கள் அத்தகைய இடமாயின. இறால் வளர்த்தவர் இதனை எண்ணிச் செய்தாரில்லை. அவர் வேலையின் பக்கவிளைவாகவே பொன்னிற உப்புக்கொத்தியும் பவளக்கால் உள்ளானும் ஆண்டுதோறும் அங்கு இறங்கின.

தமிழ்நாட்டு வேடந்தாங்கல் இதனோடு ஒப்பிடத்தக்கது. அங்கும் ஏரி பாசனத்திற்காகவே அமைந்தது. ஆனால் பறவை எச்சம் கலந்த ஏரிநீர் நெற்பயிருக்கு உரமாவதை உழவர் கண்டறிந்தனர். ஆதலின் 18ஆம் நூற்றாண்டின் இறுதியில், செங்கற்பட்டுக் கலெக்டராயிருந்த லயனல் பிளேசிடம் பறவைகளுக்குக் காப்பு வேண்டிப் பெற்றனர் என்பர். சுங்கை பூலோவின் நிலை வேறு. குளத்து மீனையும் இறாலையும் கவரும் கொக்கும் நாரையும் அங்கு இழப்பையே தந்தன. எனவே அங்குப் பறவைக்காகப் பேச உழவர் வரவில்லை. வேறொருவர் வர வேண்டியிருந்தது.

1986ஆம் ஆண்டில் மலாயா இயற்கைக் கழகத்தின் சிங்கப்பூர்க் கிளையைச் சேர்ந்த பறவை ஆர்வலர் சிலர் இவ்விடத்தைக் கண்டனர். அப்பகுதி வேளாண் தொழில்நுட்பப் பூங்காவிற்கென ஒதுக்கப்பட்டிருந்தது. அவர்கள் கூச்சலிடவில்லை, பறவைகளை எண்ணிக் கணக்கெழுதி அரசுக்கு விண்ணப்பித்தனர். நிலம் அருகிய அந்நாட்டில் 1989ஆம் ஆண்டு 87 எக்டர் பரப்பு இயற்கைப் பூங்காவாக ஒதுக்கப்பட்டது வியப்புக்குரியதே. 1993 டிசம்பர் 6ஆம் நாள் அப்போதைய பிரதமர் கோ சோக் தோங் அதனைத் திறந்து வைத்தார். 2002ஆம் ஆண்டு 130 எக்டராக விரிந்து சட்டக் காப்பும் பெற்றது.

விண்ணப்பித்தோர் நினைக்கப்படுகின்றனர். கரை கட்டி மதகு வைத்தோர் அந்த அளவிற்கு நினைக்கப்படுவதில்லை. ஆயினும் அவர் போன பின்னரே அவர் செய்த வேலையின் அருமை புலனாயிற்று. மதகை இயக்குவாரின்றேல் குளம் ஒன்று நிரம்பியே கிடக்கும். அன்றிக் கரை உடைந்து கடலோடு கலக்கும். சேறு மேலெழுந்த இடத்தில் கண்டல் விதைகள் வேரூன்றிச் சில ஆண்டுகளில் காடாகிவிடும். கரைப்பறவையோ மறைவிலிருந்து பாயும் பகைக்கு அஞ்சித் திறந்த வெளியையே நாடும். எனவே காப்பகத்தார் பழைய இறால்காரரின் தொழிலையே மேற்கொண்டனர். மதகுகளைக் கொண்டு குளங்களின் நீரை மாற்றி மாற்றித் தாழ்த்துகின்றனர். சேற்றில் முளைக்கும் கண்டற்கன்றுகளைப் பிடுங்குகின்றனர். எந்தக் காட்டை அழித்துக் குளம் பிறந்ததோ, அதே காட்டின் கன்றுகளைப் பறவையின் பொருட்டுக் களைவது நெஞ்சை உறுத்தும் செயலே. ஒதுக்கிய நிலத்தின் ஒரு பகுதியில் கண்டல் தழைக்க, மறுபகுதியில் சேறு திறந்திருக்க, இரண்டிற்கும் எல்லை வகுப்பதன்றி வேறு வழி தோன்றவில்லை. இங்கு இளைப்பாறிய பவளக்கால் உள்ளான்களுள் சில இமயத்தைக் கடந்து திபெத்துப் பீடபூமி வரை செல்வதை அண்மைக்கால ஆய்வு காட்டியுள்ளது. அவ்வளவு தொலைவு பறப்பதற்கு இச்சேறும் இரை தருகிறது.

அருகிலுள்ள கிராஞ்சி சதுப்பு நிலத்தின் கதை நன்னீரைப் பற்றியது. சுவா சூ காங் அடுக்குமாடிகளுக்கிடையே பெய்யும் மழை பெங் சியாங் ஆற்றின் வழியே கிராஞ்சி நீர்த்தேக்கத்தைச் சேர்கிறது. 1970களில் கிராஞ்சி ஆற்றுக்கு அணை கட்டியபோது தாழ்நிலம் நீரில் ஆழ்ந்து சதுப்பாயிற்று. தாழைக்கோழி முதலியவை குடியேறின. நாளடைவில் நீர்ச்செடிகள் படர்ந்து மேற்பரப்பை மூடின. திறந்த நீர் சுருங்கவே பறவைகளும் குறைந்தன. 2008ஆம் ஆண்டு முதல் இயற்கைக் கழகத்தார் அதனைப் பேணும் பொறுப்பை ஏற்றனர். படர்ந்த செடிகள் அகற்றப்பட்டு, ஆழமும் ஆழமின்மையும் கலந்த நீர்ப்பரப்பு மீட்கப்பட்டது. ஏறத்தாழ 57 எக்டர் கொண்ட அவ்விடம் 2016ஆம் ஆண்டு சனவரியில் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது.

பள்ளித் தோட்டத்தில் சிறு குளம் அமைக்க விழைவோர் இவ்விரண்டிடங்களிலும் கண்டறியத்தக்கது உண்டு. செங்குத்தான கரையுடைய தொட்டியில் மீன் வளரும், பறவை இறங்காது. ஒருபுறமேனும் கரை மெல்லச் சரிந்து, கணுக்காலளவு நீரில் முடிதல் வேண்டும். ஓரத்தில் கோரை இருக்கலாம். நடுநீர் திறந்திருத்தல் வேண்டும். கொசுப்புழுவைத் தின்னும் சிறுமீன்கள் அவசியம். தேங்கிய நீரில் கொசு பெருக விடுவது சிங்கப்பூரில் தண்டனைக்குரிய குற்றம். கோரையை ஆண்டுக்கு ஓரிரு முறை அறுத்து, அடியில் படியும் இலைக்குப்பையை வாரி எடுக்கவும் ஆள் வேண்டும். விடுமுறைக் காலத்தில் அவ்வேலையை யார் செய்வது என்பதைக் குளம் வெட்டுமுன்னரே முடிவு செய்துகொள்வது நலம்.