பேரிடர் உதவி: ஒருங்கிணைப்பும் பொறுப்புக்கூறலும்

போரிலும் பேரிடரிலும் சிக்கிய மக்களுக்காக எல்லை கடந்து வரும் உணவு, மருந்து, கூடாரம், பணம் எல்லாம் ஓரிடத்திலேயே குவியாமலும் எவரையும் விட்டுவிடாமலும் போய்ச் சேரச் செய்யும் ஏற்பாடு ஒருங்கிணைப்பு. செய்த வேலைக்கும் செய்யத் தவறிய வேலைக்கும் பதில் சொல்லும் கடமை பொறுப்புக்கூறல். யாருக்குப் பதில் சொல்வது என்பதில்தான் சிக்கல் தொடங்குகிறது. பணம் தந்த அரசுகளுக்கும் கொடையாளர்களுக்கும் தணிக்கை செய்த கணக்கு ஒழுங்காகப் போய்ச் சேருகிறது. உதவி பெற்றவருக்கு அப்படி எந்தக் கணக்கும் போவதில்லை. கடந்த முப்பது ஆண்டுகளில் நடந்த சீர்திருத்தங்கள் பெரும்பாலும் இந்தக் குறையைச் சுற்றி எழுந்தவையே.

வளைகுடாப் போருக்குப் பின் ஈராக்கின் குர்து மக்கள் லட்சக்கணக்கில் எல்லை மலைகளுக்கு ஓடினர். உதவி அமைப்புகள் ஆளுக்கொரு பக்கம் இயங்கியதைக் கண்ட ஐ.நா. பொதுச்சபை 1991 டிசம்பரில் 46/182 என்ற தீர்மானத்தை நிறைவேற்றியது. அவசர உதவிக்கென ஓர் ஒருங்கிணைப்பாளர் பதவி அதில் பிறந்தது. ஓச்சா என்று அழைக்கப்படும் இன்றைய ஐ.நா. மனிதநேய ஒருங்கிணைப்பு அலுவலகம் அந்த வழியில் 1998-இல் உருவானது. மற்ற அமைப்புகளைக் கூட்டத்துக்கு அழைக்கும் அதிகாரம் அந்தப் பதவிக்கும் இந்த அலுவலகத்துக்கும் உண்டு, ஆனால் கட்டளையிடும் அதிகாரம் இல்லை.

அந்த வரம்பு எவ்வளவு விலை கேட்கும் என்பதை 1994 ஜூலையில் கோமா காட்டியது. ருவாண்டா இனப்படுகொலைக்குப் பின், அன்றைய ஜயீரில் இருந்த அந்த எல்லை நகருக்குள் சில நாட்களில் 8 லட்சத்துக்கும் மேற்பட்டோர் நுழைந்தனர். எரிமலைப் பாறை நிலம் என்பதால் கழிப்பறைக்கோ புதைகுழிக்கோ தோண்ட முடியவில்லை. காலராவும் வயிற்றுப்போக்கும் பரவி, முதல் மாதத்தில் மட்டும் ஏறத்தாழ 50,000 பேர் இறந்தனர். உதவி அமைப்புகள் பெருந்திரளாக வந்தன. அனுபவமே இல்லாதவையும் அவற்றில் இருந்தன. முகாம்களையோ படுகொலையை நடத்திய ஆயுதக் குழுக்களே ஆண்டன. உணவுப் பங்கீடும் அவர்கள் கைக்குப் போனதால், எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பின் பிரெஞ்சுப் பிரிவு அந்த ஆண்டின் இறுதியில் அங்கிருந்து வெளியேறியது.

டென்மார்க்கின் முயற்சியில் பல நாடுகள் கூட்டாக நடத்திய மதிப்பீடு 1996-இல் வெளிவந்து இந்தக் குழப்பத்தைப் பதிவு செய்தது. அடுத்த ஆண்டே ‘ஸ்பியர்’ என்ற தர நெறிமுறைத் திட்டம் தொடங்கியது. ஒருவருக்கு நாளொன்றுக்குக் குறைந்தது 15 லிட்டர் தண்ணீர், தங்குவதற்கு 3.5 சதுர மீட்டர் கூரையிட்ட இடம், 20 பேருக்கு ஒரு கழிப்பறை என்று அளவுகள் எழுதப்பட்டன. கருணையின் பெயரால் கொடுப்பதைக் கொடுக்கட்டும் என்றிருந்த நிலை மாறி, குறைந்தால் கேட்பதற்கு ஓர் அளவுகோல் கிடைத்தது.

2004 டிசம்பர் 26 சுனாமி முற்றிலும் வேறு விதமான சோதனை. அங்கே பணத்துக்குப் பஞ்சமில்லை. 14 நாடுகளில் சுமார் 2,28,000 பேரின் உயிரைப் பறித்த அந்தப் பேரிடருக்கு உலகம் 1,350 கோடி டாலர் தந்தது. அதில் 550 கோடி பொதுமக்களின் நன்கொடை. கூட்டு மதிப்பீட்டுக் குழு 2006-இல் ஒரு கணக்குப் போட்டது: சுனாமியில் பாதிக்கப்பட்ட ஒருவருக்கு 7,100 டாலருக்கு மேல், அதே 2004-இல் வங்கதேச வெள்ளத்தில் பாதிக்கப்பட்டவருக்கு 3 டாலர். தேவையைப் பார்த்துக் கொடுப்பது என்ற கொள்கை தொலைக்காட்சிப் படங்களுக்கு முன் நிற்கவில்லை. போதிய பணம் வந்துவிட்டது, இனி சுனாமிக்கென அனுப்ப வேண்டாம் என்று ஏறத்தாழ ஒரு வாரத்தில் அறிவித்த எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பின் நேர்மை அன்று பலருக்கு எரிச்சலூட்டியது. இன்று அது முன்னுதாரணமாகப் பேசப்படுகிறது.

சுனாமி உதவியாக நாகப்பட்டினத்துக்கு வந்த பழைய துணிகள் சாலையோரங்களில் குவிந்து வீணாயின. 2005 ஜனவரியிலேயே மீனவர் கூட்டமைப்பான சிஃப்ஸும் சிநேகா என்ற உள்ளூர்த் தொண்டு நிறுவனமும் சேர்ந்து, மாவட்ட நிர்வாகத்தின் துணையோடு ஓர் ஒருங்கிணைப்பு மையத்தைத் தொடங்கின. எந்த ஊருக்கு என்ன தேவை, எந்த அமைப்பு எங்கே வேலை செய்கிறது என்ற விவரம் அங்கே திரட்டப்பட்டது. கரையையும் மீனவர் ஊர்ப் பஞ்சாயத்துகளையும் நெடுங்காலம் அறிந்தவர்கள் நடத்தியதுதான் அதன் பலம். ஆனாலும் ஊர்ப் பஞ்சாயத்து வழியாகப் போன உதவி, அதில் இடமில்லாதவர்களை எட்டவில்லை. தலித்துகளும், இருளர்களும், கூடை சுமந்து மீன் விற்ற பெண்களும் பட்டியல்களில் விடுபட்டதாகப் பல ஆய்வுகள் கூறின. படகோ தேவைக்கு மேல் வந்தது. கட்டுமரம் இருந்த இடங்களில் ஃபைபர் படகுகள் பெருகின. படகு கொடுத்த படம் ஆண்டறிக்கைக்கு எடுப்பாக இருக்கும் என்பதும் அதற்கு ஒரு காரணம்.

இந்தோனேசியாவின் அச்சே மாகாணத்தில், 2005 ஏப்ரலில் பிஆர்ஆர் என்ற புனரமைப்பு முகமை அமைச்சர் தகுதியுள்ள குந்தோரோ மங்குசுப்ரோதோவின் தலைமையில் அமைந்தது. தலைமையகம் ஜகார்த்தாவில் இல்லை, பண்டா அச்சேயிலேயே இருந்தது. ஊழல் தடுப்புப் பிரிவும் அதில் இருந்தது. நான்கு ஆண்டுகளில் ஏறத்தாழ 1,40,000 வீடுகள் எழுந்தன. பிறகு சொன்னபடி முகமை கலைக்கப்பட்டது. இலங்கையில் நடந்தது வேறு. வடக்கு, கிழக்கில் உதவியைப் பகிர அரசும் விடுதலைப் புலிகளும் 2005 ஜூன் 24 அன்று கையெழுத்திட்ட பொதுக் கட்டமைப்பின் முக்கியப் பகுதிகளை அடுத்த மாதமே உச்ச நீதிமன்றம் இடைநிறுத்தியது. அது கடைசிவரை செயலுக்கு வரவில்லை. யார் பங்கிடுவது என்ற அரசியல் முடிவாகாத இடத்தில் கூட்டமும் படிவமும் எதையும் ஒருங்கிணைத்துவிடாது.

ஐ.நா. 2005-இல் ‘கிளஸ்டர்’ முறையைக் கொண்டுவந்தது. சுகாதாரத்துக்கு உலக சுகாதார நிறுவனம், தண்ணீருக்கும் ஊட்டச்சத்துக்கும் யுனிசெஃப், சரக்குப் போக்குவரத்துக்கு உலக உணவுத் திட்டம் என்று ஒவ்வொரு துறைக்கும் ஒரு தலைமை. அந்த அக்டோபரில் பாகிஸ்தான் நிலநடுக்கத்தில் முதன்முதலாகப் பயன்பட்டது. ஒரு துறையில் ஓட்டை விழுந்தால் யாரைக் கேட்பது என்பது அன்றிலிருந்து தெளிவானது. பெரிய முன்னேற்றம்தான். ஆயினும் 2010 நிலநடுக்கத்துக்குப் பின் ஹைட்டியில் கிளஸ்டர் கூட்டங்கள் பல, விமான நிலையத்தை ஒட்டிய ஐ.நா. தளத்துக்குள், ஆங்கிலத்தில் நடந்தன. கிரியோலும் பிரெஞ்சும் பேசும் உள்ளூர் அமைப்பினரால் வாயிலைத் தாண்டுவதே கடினமாக இருந்தது.

பொறுப்புக்கூறலின் கசப்பான அத்தியாயம் 2002-இல் மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து வந்தது. கினி, லைபீரியா, சியரா லியோன் முகாம்களில் உணவுக்கும் பொருளுக்கும் ஈடாகச் சிறுமிகள் பாலியல் சுரண்டலுக்கு உள்ளானதை ஐ.நா. அகதிகள் ஆணையமும் சேவ் த சில்ட்ரன் அமைப்பும் வெளிப்படுத்தின. குற்றம் சாட்டப்பட்டவர்களில் உதவிப் பணியாளர்களும் இருந்தனர். பசித்தவருக்கு முன் உணவுப் பட்டியலைக் கையில் வைத்திருப்பவர் எவ்வளவு அதிகாரம் கொண்டவர் என்பதை அதன்பின் மறுக்க முடியவில்லை. புகார் சொல்லப் பாதுகாப்பான வழி வேண்டும் என்பது 2014-இல் வந்த மனிதநேய உதவிக்கான அடிப்படைத் தரநெறியின் உறுதிமொழிகளுள் ஒன்று.

ஹைட்டியின் காலரா இந்த உறுதிமொழிகள் எதுவரை செல்லும் என்பதைக் காட்டிவிட்டது. 2010 அக்டோபரில், ஐ.நா. அமைதிப்படை முகாம் ஒன்றின் கழிவு ஆற்றில் கலந்து நோய் பரவியது. சுமார் 8 லட்சம் பேர் நோயுற்றனர், ஏறக்குறைய 10,000 பேர் இறந்தனர். பாதிக்கப்பட்டோர் அமெரிக்க நீதிமன்றத்துக்குப் போனார்கள். ஐ.நா.வுக்குள்ள சட்டப் பாதுகாப்பு உரிமையைக் காட்டி வழக்கு தள்ளப்பட்டது. பொதுச்செயலாளர் பான் கி மூன் ஹைட்டி மக்களிடம் மன்னிப்புக் கேட்க 2016 டிசம்பர் வரை ஆனது. அவர்களுக்கென அறிவிக்கப்பட்ட 40 கோடி டாலர் திட்டத்துக்கு உறுப்பு நாடுகள் தந்தது சிறு பகுதியே.

அதே 2016-இல் இஸ்தான்புல்லில் நடந்த மனிதநேய உதவி மாநாட்டில் கொடையாளர்களும் அமைப்புகளும் ‘கிராண்ட் பார்கெய்ன்’ உடன்பாட்டில் கையெழுத்திட்டனர். 2020-க்குள் உதவிப் பணத்தில் 25 விழுக்காட்டையாவது, இயன்றவரை நேரடியாக, உள்ளூர் அமைப்புகளிடம் சேர்ப்போம் என்பது அதன் வாக்கு. கெடு முடிந்தபோது நேரடியாகப் போன பங்கு ஒற்றை இலக்க விழுக்காட்டைத் தாண்டவில்லை.