பாக் நீரிணை நீச்சல்: தொடக்க முயற்சிகள்

பாக் நீரிணை நீச்சல் என்பது இலங்கைக்கும் தமிழகத்துக்கும் இடைப்பட்ட கடலை நீந்திக் கடப்பது. சென்னை ஆளுநராக இருந்த ராபர்ட் பாக்கின் பெயரால் வழங்கும் இக்கடலில் நீச்சலுக்கு இரு தடங்கள் உண்டு. வடக்கே இலங்கையின் வல்வெட்டித்துறைக்கும் தமிழகத்தின் கோடியக்கரைக்கும் இடையே உள்ள தூரம் சுமார் 60 கி.மீ. தெற்கே தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் இடையே சுமார் 30 கி.மீ. தெற்குத் தடம் ஆதாம் பாலத்து மணல்திட்டுகளை ஒட்டிச் செல்வது. சரியாகச் சொன்னால் அது பாக் விரிகுடாவின் தென்விளிம்பே. இரண்டுக்கும் ஒரே பெயர் வழங்குவதால், தூரம் பாராமல் நேரத்தை மட்டும் ஒப்பிடும் தவறு அடிக்கடி நேர்கிறது.

நெடுந்தொலைவுக் கடல்நீச்சலுக்கு உலகப் புகழ் தேடித்தந்தது ஆங்கிலக் கால்வாய். 1875 ஆகஸ்டில் மாத்யூ வெப் டோவரில் இறங்கி, மார்பு நீச்சலிலேயே 21 மணி 45 நிமிடத்தில் கலே கரையைத் தொட்டார். அங்கே முதல் எதிரி குளிர். பாக் கடலில் நீர் வெதுவெதுப்பானது, ஆழமும் குறைவு. இங்கு ஆளை வீழ்த்துபவை வெயில், உப்பு, சொறிமீன், நீரோட்டம் ஆகியவை. மணிக்கணக்கில் உப்புநீர் பட்டால் நாக்கு தடித்துவிடும். அக்குளும் கழுத்தும் உராய்ந்து புண்ணாகும். அதனால் உடலில் கொழுப்பைப் பூசிக்கொண்டு இறங்குவார்கள். உணவைப் படகிலிருந்து கோலிலோ கயிற்றிலோ கட்டி நீட்டுவார்கள். நீந்துபவர் மிதந்தபடியே உண்ண வேண்டும். படகை ஒருமுறை பிடித்தாலும் முயற்சி செல்லாது. வாடைக்காற்று ஓய்ந்து சோழகம் என்ற தென்மேற்குக் காற்று எழுவதற்கு முந்தைய மார்ச், ஏப்ரல் மாதங்களே ஏற்ற காலம்.

இக்கடலை முதலில் நீந்திக் கடந்தவர் தொண்டைமானாற்றைச் சேர்ந்த மு. நவரத்தினசாமி. 1954 மார்ச் இறுதியில் வல்வெட்டித்துறையில் இறங்கிய அவர், ஏறத்தாழ 27 மணி நேரத்தில் கோடியக்கரையை அடைந்தார். இரு தடங்களில் நீளமானதை முதல் ஆளாகக் கடந்த அவருக்குத் தமிழகத்தில் உரிய இடம் இன்னும் கிடைக்கவில்லை. அந்தச் சாதனை இவ்வூர்கள் அடங்கிய வடமராட்சிக் கரையில் பிறந்தது இயல்பே. 1930இல் வல்வெட்டித்துறையில் கட்டிய ‘அன்னபூரணி’ என்ற பாய்க்கப்பல், 1938இல் அவ்வூர் மாலுமிகளோடு அமெரிக்காவின் குளோஸ்டர் துறைமுகம் வரை சென்றது. காற்றையும் நீரோட்டத்தையும் தலைமுறைகளாக அறிந்தவர்களின் ஊர் அது.

அதே வல்வெட்டித்துறையைச் சேர்ந்த வி. எஸ். குமார் ஆனந்தன் ஒரு படி மேலே போனார். 1971இல் வல்வெட்டித்துறையிலிருந்து கோடியக்கரைக்கு நீந்தி, அங்கிருந்து திரும்பவும் நீந்தியே ஊர் சேர்ந்தார். மொத்தம் 51 மணி நேரம். இரண்டு இரவுகள் உறக்கமின்றிக் கடலில் கிடந்து செய்த இச்செயலே இக்கடலின் நீச்சல் வரலாற்றில் தலையாயது. ஆழிக்குமரன் என்று மக்கள் அழைத்த அவர், 1984 ஆகஸ்ட் 6 அன்று ஆங்கிலக் கால்வாயைக் கடக்கும் முயற்சியில் உயிரிழந்தார்.

இந்தியாவில் இவ்வரலாற்றைப் பெரும்பாலும் மிஹிர் சென்னிலிருந்தே தொடங்குகிறார்கள். 1958இல் ஆங்கிலக் கால்வாயைக் கடந்த அவர், 1966 ஏப்ரல் 5, 6 தேதிகளில் தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடிக்கு நீந்தினார். கடற்படையின் ‘சுகன்யா’, ‘சாரதா’ என்ற கப்பல்கள் துணைவந்தன. தூரம் வடக்குத் தடத்தில் பாதியே என்றாலும் 25 மணி நேரத்துக்கு மேல் ஆனது. அவர் கரையேறிய தனுஷ்கோடி, 1964 டிசம்பர் புயலில் அழிந்துபோன ஊர். தலைமன்னாரையும் அதையும் இணைத்த பயணிகள் கப்பல் சேவையும் அதோடு நின்றுவிட்டிருந்தது. அதே ஆண்டில் அவர் ஜிப்ரால்டர், டார்டனெல்ஸ், பாஸ்பரஸ் நீரிணைகளையும் பனாமா கால்வாயையும் நீந்தி முடித்தார்.

1994இல் தமிழகத்துச் சிறுவன் குற்றாலீஸ்வரன், 12 வயதில் தெற்குத் தடத்தைச் சுமார் 16 மணி நேரத்தில் கடந்தார். 2004இல் புலா சௌத்ரியும், 2022இல் ஆட்டிசம் உள்ள சிறுமி ஜியா ராயும் அதே தடத்தில் நீந்தினர். இப்போதைய முயற்சிகளில் பெரும்பாலானவை இத்தடத்திலேயே நடக்கின்றன. இரு நாடுகளின் அனுமதியும் அதற்குத் தேவை.