காப்பிக்கு ஒரு ஸனது

கொடைக்கானலின் தெற்கு விளிம்பில், பாம்பார் ஓடையைக் கடந்து இறங்கும் சாலையில் வட்டக்கானல் என்னும் சிற்றூர் இருக்கிறது. கடல் மட்டத்திலிருந்து 2000 மீட்டருக்கும் மேற்பட்ட உயரம். மத்ரஸாவில் நம்மிடம் ஓதிப் பின்னர் மலையேறி வணிகம் செய்யும் மாணவர் ஒருவரின் இல்லத்தில், ஒரு மார்கழிக் குளிரில் இரண்டு நாட்கள் தங்கினோம். ஃபஜ்ருத் தொழுகை முடிந்ததும் அவர் அடுப்படியில் இரும்பு வாணலியை ஏற்றி, பசுங்கொட்டையாக இருந்த காப்பியைக் கால் கிலோ அளவு கொட்டிக் கிளறத் தொடங்கினார். "இது குடிப்பதற்கு நாளை ஆகும் ஹஜ்ரத், இன்றைக்கு நேற்று வறுத்தது இருக்கிறது" என்றார். வறுத்த கொட்டை தன்னுள் அடைபட்ட கரியமில வாயுவை வெளிவிட ஒரு நாளேனும் வேண்டுமாம்.

அவ்வாணலியின் அருகே நாம் நின்ற கால் மணி நேரமே இக்கட்டுரைக்குக் காரணம்.

பச்சை நிறம் மெல்ல மஞ்சளாயிற்று. முதலில் ஈர வைக்கோலின் வாடை. பிறகு சுட்ட ரொட்டியின் மணம். கொட்டை பழுப்பேறியதும் பொரி பொரிவது போன்ற ஓசை எழுந்தது. ஏறத்தாழ 196 பாகை வெப்பத்தில் உள்ளிருக்கும் நீராவி கொட்டையைப் பிளக்கும் ஓசை அது. வறுப்போர் இதனை முதல் வெடிப்பு என்கின்றனர். அவ்வோசை அடங்கிய சற்று நேரத்திற்கெல்லாம் மாணவர் வாணலியை இறக்கி, கொட்டைகளை முறத்தில் கொட்டிப் புடைத்தார். மெல்லிய சவ்வுத்தோல் காற்றில் பறந்தது. "இன்னும் சற்று வறுத்தால் எண்ணெய் கசிந்து கறுத்துவிடும். அப்புறம் எந்த ஊர்க் கொட்டையும் ஒரே சுவைதான். கரியின் சுவை" என்றார்.

அச்சொல் நம்மை நானூறு ஆண்டுகளுக்கு முந்திய ஒரு ஃபத்வாவிடம் இட்டுச் சென்றது. உஸ்மானியப் பேரறிஞர் காதிப் செலபி 1656-இல் எழுதிய 'மீஸானுல் ஹக்' என்னும் நூலில் காப்பி பற்றிய சர்ச்சைக்குத் தனி இடம் ஒதுக்கியுள்ளார். காப்பி கூடாது என்றோர் எடுத்துவைத்த காரணங்களுள் ஒன்று, கரியாகும் அளவுக்கு வறுபட்ட எப்பொருளும் உண்ணத்தகாதது என்பதாகும். பிற்காலத்தில் அத்தடை நிலைக்கவில்லை. பொஸ்தான்ஸாதா மெஹ்மத் எஃபெந்தி போன்ற ஷைகுல் இஸ்லாம்கள் காப்பி ஆகுமானதென்றே தீர்ப்பளித்தனர். எனினும் 'எவ்வளவு வறுக்கலாம்' என்பது இன்று நகரத்துக் காப்பிப் பிரியர்கள் கண்டுபிடித்த வினா அன்று. ஃபிக்ஹு அறிஞர்களின் அவையில் அது என்றோ ஏறிவிட்டது.

காப்பியின் வரலாற்றை எழுத முற்படும் நம்மவர் பெரும்பாலோர் இத்தகைய சான்றுகளின் பக்கம் செல்வதில்லை. பாபா புதன் என்னும் இறைநேசர் யமனிலிருந்து ஏழு கொட்டைகளை மறைத்துக் கொணர்ந்து சிக்மகளூர் சந்திரகிரியில் நட்டார் என்னும் செய்தியைச் சொல்லி, அதனோடு நிறைவடைந்து விடுகின்றனர். மேடைகளில் அதனைக் கேட்டுக் கேட்டு நமக்கும் பழகிவிட்டது. அம்மகானின் பெருமையில் நமக்கு ஐயமில்லை. அவர் பெயரால் அம்மலை இன்றும் விளங்குகிறது; பல சமயத்தாரும் அங்குக் கூடி வந்துள்ளனர். ஆனால் ஏழு கொட்டைச் செய்தியின் ஸனது என்ன? அவர் வாழ்ந்ததாகக் கூறப்படும் 17-ஆம் நூற்றாண்டிலிருந்து நம் கைக்கு வந்த எழுத்து எதனையும் இதனைச் சொல்வோர் காட்டுவதில்லை. பின்னாளில் மைசூர் நாட்டைப் பற்றி ஆங்கிலேயர் தொகுத்த குறிப்புகளின் வழியே அது பரவிற்று. கொட்டைகளை இடுப்பில் கட்டிக் கொணர்ந்தார் என்பார் சிலர். தாடியில் மறைத்தார் என்பார் சிலர். கைத்தடியின் துளையில் என்பாரும் உளர். ஹதீஸ் கலையில் இத்தகைய முரண்பட்ட அறிவிப்பை 'முள்தரிப்' என்று ஒதுக்கி வைக்கக் கற்றுக்கொடுக்கும் நாம், நமக்குப் பிடித்த செய்தியென்றால் மட்டும் அளவுகோலைத் தளர்த்திக் கொள்வது முறையன்று. இப்னு ஸீனாவின் 'கானூன்' கூறும் 'புன்க்' என்னும் மருந்து காப்பியே என்று அடித்துச் சொல்வோரும் இவ்வகையினரே. அதனை ஐயமற நிறுவியவர் எவருமிலர்.

இத்தனைக்கும் உறுதியான எழுத்துச் சான்றுகள் நம் கிதாபுகளிலேயே கிடக்கின்றன. ஹன்பலி மத்ஹபைச் சேர்ந்த அப்துல் காதிர் அல்-ஜஸீரீ ஹிஜ்ரி 966 (கி.பி. 1558) அளவில் 'உம்தத்துஸ் ஸஃப்வா ஃபீ ஹில்லில் கஹ்வா' என்னும் நூலை யாத்தார். கஹ்வா ஆகுமானது என்பதை நிறுவுவதே அதன் நோக்கம். அன்னார் முறையான அறிவிப்பாளரைப் போன்றே எழுதுகிறார்: தமக்கு முந்திய இப்னு அப்தில் கஃப்பார் என்பவரை மேற்கோள் காட்டி, அவர் யாரிடம் விசாரித்தார் என்பதையும் கூறுகிறார். அதன்படி, ஹிஜ்ரி 875-இல் (கி.பி. 1470) மறைந்த ஏடன் நகர அறிஞர் ஜமாலுத்தீன் முஹம்மத் அத்-தப்ஹானீ (ரஹ்) கடலுக்கு அப்பால் அபிசீனியக் கரைக்குச் சென்றிருந்தபோது அங்குள்ளோர் கஹ்வாவைப் பயன்படுத்தக் கண்டார். ஊர் திரும்பி நோயுற்ற காலத்தில் அது நினைவுக்கு வர, அருந்திப் பார்த்தார். சோர்வு நீங்கி உடல் சுறுசுறுப்படைவதை உணர்ந்தார். பின்னர் ஸூஃபிகள் இரவு வணக்கத்துக்கு விழித்திருக்க அதனைத் துணையாகக் கொண்டனர்.

மோக்கா நகரில் அடங்கியுள்ள அலீ இப்னு உமர் அஷ்-ஷாதுலீ (ரஹ்) அவர்களே காப்பியை முதலில் அறிமுகப்படுத்தியவர் என்னும் மரபும் உண்டு. அல்ஜீரியாவில் காப்பிக்கே 'ஷாதிலிய்யா' எனப் பெயர் வழங்கியது. காயல்பட்டினத்திலும் கொழும்பிலும் ஷாதுலிய்யாத் தரீக்காவின் ஹல்காக்களில் அமர்வோர்க்கு இது மகிழ்வளிக்கும் செய்தி.

ஜஸீரீயின் நூலில் நம் நெஞ்சைத் தொட்ட பகுதி, கெய்ரோவில் அஸ்ஹர் பள்ளியை ஒட்டிய யமன் நாட்டார் பகுதியில் நடந்த மஜ்லிஸைப் பற்றியதாகும். திங்கள், வெள்ளி இரவுகளில் அவர்கள் கூடுவர். செம்மண்ணாலான பெரிய கலத்தில் கஹ்வா இருக்கும். தலைவர் சிறு அகப்பையால் மொண்டு, வலப்புறமாக ஒவ்வொருவர்க்கும் கொடுத்துவர, திக்ரு முழங்கிக் கொண்டிருக்கும். அந்நாளிலேயே இருவகைக் கஹ்வா இருந்தமையும் அந்நூலால் விளங்குகிறது. பழத்தின் தோலைக் காய்ச்சுவது ஒன்று. 'புன்' எனப்படும் கொட்டையையும் சேர்த்து ஆக்குவது மற்றொன்று. தோலைக் காய்ச்சிய 'கிஷ்ர்' யமனில் இன்றும் வழக்கில் உள்ளது.

எதிர்ப்பும் அங்கிருந்தே எழுந்தது. ஹிஜ்ரி 917-இல் (கி.பி. 1511) மக்காவின் முஹ்தஸிபாக இருந்த காயிர் பேக், இரவில் ஹரமின் அருகே விளக்கொளியில் சிலர் எதையோ பருகக் கண்டு, மறுநாள் அறிஞர்களைக் கூட்டினார். இரு ஹகீம்கள் அது உடலுக்குத் தீங்கென்று சான்று கூறினர். தடை விதிக்கப்பட்டது, தெருவில் கொட்டைகள் எரிக்கப்பட்டன. கெய்ரோவிலிருந்து ஸுல்தான் கான்ஸுஹ் அல்-கவ்ரீயின் ஆணை வந்தபோதோ, முறைகேடான கூட்டங்கள் தடுக்கப்பட்டனவேயன்றிப் பானம் முற்றாக விலக்கப்படவில்லை. கஹ்வா என்னும் சொல் பழைய அரபியில் மதுவுக்கும் பெயராக இருந்ததால் விளைந்த குழப்பமும் சிறிதன்று. பெயர் ஒன்றாயிருப்பதால் பொருளின் சட்டம் ஒன்றாகிவிடாது என்று ஜஸீரீ வாதிடுமிடம் மாணவர்கள் ஊன்றிப் படிக்கத்தக்கது. அக்காலத்தில் மக்காவில் வாழ்ந்து ஹிஜ்ரி 974-இல் மறைந்த ஷாஃபிஈ இமாம் இப்னு ஹஜர் அல்-ஹைதமீ (ரஹ்) அவர்களும் கஹ்வாவை விலக்கப்பட்டதாகக் கொண்டாரல்லர். நம் மத்ரஸாக்களில் ஓதப்படும் 'ஃபத்ஹுல் முஈன்' ஆசிரியர் மலபார் ஸைனுத்தீன் மக்தூம் (ரஹ்) அவர்களின் உஸ்தாத் அவர்.

ஐரோப்பியர் காப்பியின் வரலாற்றை அறிந்ததும் இந்நூலின் வழியேதான். ஆயிரத்தோர் இரவுகளைப் பிரெஞ்சில் தந்த கல்லாந் என்பார் 1699-இல் ஜஸீரீயைத் தழுவி ஒரு நூல் வெளியிட்டார். தெ ஸாஸி என்னும் அரபிப் பேராசிரியர் தம் பாடத்தொகுப்பில் அதன் பகுதிகளை அரபி மூலத்துடனேயே பதிப்பித்தார். பாரிஸ் மாணவர்கள் 19-ஆம் நூற்றாண்டில் ஓதிய பாடத்தை நாம் ஓதக் கொடுக்கவில்லை. நம் பாடத்திட்டத்திற்குள் அதனைக் கொணர நாமே முயன்று, இருமுறை தோற்றோம் என்பதையும் இங்கே குறித்து வைக்கலாம்.

இந்தியாவுக்கு வந்த கதைக்கும் ஏழு கொட்டைகளை விட வலுவான சான்று ஒன்றுண்டு. 1696-இல் டச்சுக்காரர்கள் மலபாரின் கண்ணனூரிலிருந்து ஜாவாவுக்குக் காப்பிச் செடிகளைக் கொண்டு சென்றனர். அவை வெள்ளத்தில் அழிய, 1699-இல் மீண்டும் கொண்டு சென்றனர். உலகச் சந்தையை ஆட்கொண்ட ஜாவாக் காப்பியின் தொடக்கம் அதுவே. ஆகவே 17-ஆம் நூற்றாண்டு முடியுமுன் மலபாரில் காப்பி வளர்ந்திருந்தது என்பது உறுதி. கண்ணனூரோ அறக்கல் அலிராஜாக்களின் ஊர். அரபுக் கடலோடிகள் பருவக்காற்றுதோறும் வந்து போன துறை. யமனிலிருந்து உயிருள்ள விதை வந்து சேர ஒரு மகானின் தாடி தேவைப்பட்டிருக்க வேண்டுமென்பதில்லை.

இனி மலைக்குத் திரும்புவோம். வட்டக்கானலில் காப்பி விளையாது. உறைபனி அச்செடிக்குப் பகை. ஆனால் டால்பின் மூக்குப் பாறையைக் கடந்து செங்குத்தாக இறங்கும் ஒற்றையடிப் பாதை வெள்ளகவி என்னும் பழைய ஊரை அடைகிறது. அங்கு நிழல்மரங்களின் கீழ் காப்பி உண்டு. அதே பாதை மேலும் இறங்கிக் கும்பக்கரை வழியாகப் பெரியகுளம் செல்லும். மோட்டார் சாலை வருமுன் மக்கள் ஏறிய பழந்தடங்களுள் ஒன்று அது. வீடுகளுக்கிடையே கோயில்கள் நிறைந்திருப்பதால் அவ்வூரார் ஊருக்குள் செருப்பணிவதில்லை. நாமும் கையில் எடுத்துக் கொண்டோம். விளைச்சல் மட்டக்குதிரைகளின் முதுகில் வட்டக்கானலுக்கு ஏறுகிறது. பழனிமலைத் தொடரின் பெருந்தோட்டங்கள் இதற்குக் கிழக்கே தாண்டிக்குடி, பன்னைக்காடு, ஆடலூர்ப் பகுதிகளில் உள்ளன. தாண்டிக்குடியில் காப்பி வாரியத்தின் ஆராய்ச்சி நிலையமும் உண்டு.

இம்மலைக் காப்பியின் ஸனது இடையில் அறுந்த ஒரு காலமுண்டு. இரண்டாம் உலகப் போரில் ஐரோப்பியச் சந்தை மூடியபோது விவசாயியைக் காக்க 1940-இல் தொடங்கி, 1942-இன் சட்டத்தால் நிலைபெற்றது பொதுத்தொகுப்பு முறை. வீட்டுக்கும் விதைக்கும் ஒதுக்கியது போக விளைந்தது முழுவதையும் வாரியத்திடம் ஒப்படைக்க வேண்டும். வாரியம் தரம் பிரித்து, கலந்து, ஏலம் விடும். அன்றைய நெருக்கடியில் அது பலரைக் காப்பாற்றியது என்பதை மறுப்பதற்கில்லை. ஆயினும் எந்த மலை, யார் தோட்டம் என்னும் அடையாளம் அத்தொகுப்பில் கரைந்தே போயிற்று. நல்லதை விளைவித்தவனும் அல்லதை விளைவித்தவனும் ஒரே மூட்டைக்குள் மறைந்தனர். 1990-களில் படிப்படியாகத் தளர்ந்து 1996-இல் அம்முறை முடிவுற்றது. இன்று வீட்டில் வறுப்போர் ஊர், உயரம், செடியின் இனம், உலர்த்திய விதம், வறுத்த நாள் ஆகியவற்றைத் துருவித் துருவிக் கேட்பது, அறிவிப்பாளர் வரிசையைக் கேட்கும் நம் முன்னோரின் வழக்கத்தையே நமக்கு நினைவூட்டியது. கருக வறுப்பதும் சிக்கரி கலப்பதும் இக்கலையில் தத்லீஸுக்கு ஒப்பானவை. பலவீனமான கண்ணியை அவை மறைத்துவிடுகின்றன. (சிக்கரிக் காப்பியை விரும்பும் நண்பர்கள் பொறுத்தருள்க. சுவையில் இஜ்திஹாதுக்கு இடமுண்டு.) 2019-இல் கூர்க், சிக்மகளூர், பாபா புதன்கிரி உள்ளிட்ட ஐந்து காப்பிகளுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. அப்பட்டியலில் பழனிமலை இல்லை. அதே ஆண்டு கொடைக்கானல் மலைப்பூண்டுக்குக் கிடைத்தது.

முதல் நாள் வறுத்ததை மாணவர் கைத்திரிகையில் அரைத்து, பித்தளைப் பில்டரில் இட்டு, கொதித்த நீரை அப்படியே ஊற்றினார். கொதிநீரைச் சற்று ஆறவிட வேண்டுமென்று கேள்விப்பட்டிருந்த நாம் அதனைச் சுட்டியபோது சிரித்தார். அவ்வுயரத்தில் காற்றழுத்தம் குறைவு. நீர் ஏறத்தாழ 93 பாகையிலேயே கொதித்துவிடுகிறது. காப்பி வடிக்க வல்லுநர் கூறும் வெப்பமும் அவ்வளவே. சமவெளியில் காத்திருந்து பெறுவதை மலை தானே தந்துவிடுகிறது. பாலின்றி அருந்தினோம். எலுமிச்சைத் தோலை நினைவூட்டும் புளிப்பும், பின்னர் வெல்லப்பாகின் சாயலும் நாவில் நின்றன. தேத்தண்ணீரில் வளர்ந்த கடற்கரைக்காரரான நமக்கு இதற்குமேல் வருணிக்கும் தகுதியில்லை.

அக்கொட்டையை விளைவித்த வெள்ளகவிப் பெரியவர், குதிரைகளுடன் மேலே வந்தவர், அன்று மாலை அங்கே அமர்ந்திருந்தார். "அப்பல்லாம் நல்ல கொட்டை பூராம் டிப்போவுக்குப் போயிரும் பாய். ஒடசலும் கருப்பும்தான் வீட்டுக்கு" என்றார். மாணவர் அவர் தோட்டத்துக் காப்பியையே வடித்துக் கொடுத்தார். பெரியவர் ஒரு வாய் பருகி, தம்ளரை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"நம்ம கொட்டையா இது? இன்னுங் கொஞ்சம் கருக்கி வறுத்திருக்கலாமே தம்பி" என்று சொல்லி, கருப்பட்டி இருக்கிறதா என்று கேட்டார்.