சம்பளப் பூனையும் சந்தேகப் பூனையும்

தமிழ் இலக்கியத்தில் பூனைக்குப் பெரிய மரியாதை இருந்ததாகச் சொல்ல முடியாது. பாற்கடல் முழுவதையும் நக்கிக் குடித்துவிட ஆசைப்பட்ட பூனைக்குத் தம்மை ஒப்பிட்டு அவையடக்கம் சொன்னார் கம்பர். மாமல்லபுரத்துப் பாறைச் சிற்பத்திலோ அது எலிகள் சூழ நின்று பொய்த்தவம் செய்கிறது. அரசாங்கக் கோப்புகளில் பூனைக்கு வேறொரு வரலாறு உண்டு. அதன் அண்மைக்கால அத்தியாயம் ஒன்று ராயபுரத்தை ஒட்டிய சென்னைத் துறைமுகத்தில் நிகழ்ந்தது.

முதலில் லண்டன். அங்குள்ள மணியார்டர் அலுவலகத்தில் எலித்தொல்லை மிகவே, 1868-ஆம் ஆண்டு மூன்று பூனைகள் வைத்துக்கொள்ள அனுமதி கோரப்பட்டது. கேட்ட படி வாரத்துக்கு இரண்டு ஷில்லிங், கிடைத்தது ஒன்று. மீதி உணவை எலி பிடித்து ஈடுகட்டிக்கொள்ள வேண்டும், ஆறு மாதத்தில் எலி குறையாவிட்டால் படி மேலும் வெட்டப்படும் என்று மேலதிகாரி குறிப்பெழுதினார். இந்த மரபில் புகழ்பெற்றது அஞ்சல் தலைமையகத்தில் 14 ஆண்டுகள் எலி பிடித்து 1964-இல் இறந்த 'டிப்ஸ்' என்னும் பூனை.

இந்தியாவில் பூனையைப் பற்றி அரசு மருத்துவர்களை எண்ணவைத்தது பிளேக். 1896-இல் பம்பாயில் அந்நோய் பரவியது. 1898-இல் கராச்சியில் ஆய்வு செய்த பிரெஞ்சு மருத்துவர் சிமோன், எலியின் உடலிலுள்ள தெள்ளுப்பூச்சியே நோயைக் கடத்துகிறது என்று கண்டார். இதன்பின் அமராவதியில் பணியாற்றிய ஆண்ட்ரூ புக்கானன் என்ற இராணுவ மருத்துவர், பூனைகள் மிகுந்த ஊர்களில் பிளேக் குறைவு என்று வாதிட்டு, வீடுதோறும் பூனை வளர்க்கப் பரிந்துரைத்தார். 1908-இல் ஜப்பான் சென்ற இராபர்ட் கோக்கும் இதே யோசனையைக் கூறினார். பூனைக்கும் பிளேக் வரும், அதனிடமிருந்து மனிதருக்கும் தொற்றக்கூடும் என்பது பின்னரே தெளிவாயிற்று.

கப்பல்களிலோ பூனைக்கு நெடுங்கால வேலை இருந்தது. கயிற்றையும் தானியத்தையும் எலியிடமிருந்து காத்தது அதுதான். 1926-ஆம் ஆண்டின் பன்னாட்டுச் சுகாதார உடன்படிக்கை, கப்பல்கள் எலி ஒழிப்புச் சான்றிதழ் வைத்திருக்கவேண்டும் என்றது. புகையூட்டலும் மருந்தும் பெருகப் பெருகப் பூனை வேலையிழந்தது. பிரிட்டிஷ் கடற்படை 1975-இல் தன் கப்பல்களில் பூனைக்குத் தடையே விதித்தது.

இந்தப் பின்னணியில் 2020 பிப்ரவரியில் நடந்ததைப் பார்க்கவேண்டும். சீனாவிலிருந்து பொம்மைகளோடு சென்னைத் துறைமுகம் வந்த சரக்குப் பெட்டகம் ஒன்றில் ஒரு பூனை உயிரோடு இருந்தது. கொரோனா அச்சம் உலகெங்கும் பரவிக்கொண்டிருந்த நேரம். பூனை அடைத்து வைக்கப்பட்டது. சீனாவுக்கே திருப்பியனுப்ப அதிகாரிகள் முற்பட்டனர். அது சீனாவில்தான் ஏறியது என்பதற்கு என்ன உறுதி, கப்பல் வழியில் வேறு துறைகளிலும் நின்றிருக்குமே என்று விலங்குநல அமைப்பான 'பீட்டா' கேட்டது. இறுதியில் ஏப்ரலில் பூனை விடுவிக்கப்பட்டு அவ்வமைப்பிடம் ஒப்படைக்கப்பட்டது.

1908-இல் கொள்ளைநோயைத் தடுக்கும் காவலன். 2020-இல் கொள்ளைநோயைச் சுமந்துவந்த குற்றவாளி. அச்சம் மிகும்போது நாம் விலங்கின்மீது ஏற்றும் வேடங்கள் இவை. கொரோனா பூனைக்கும் தொற்றும் என்பது பிறகு நிறுவப்பட்டது உண்மையே. ஆகவே எச்சரிக்கை பிழையன்று. ஆனால் எச்சரிக்கைக்கும் வந்த வழியே துரத்திவிடுவதற்கும் வேறுபாடு உண்டு. அந்தப் பெட்டகத்தில் வந்த பொம்மைகளுக்கு உரிமையாளர் இருந்தார், வரி இருந்தது, விதி இருந்தது. பூனை எந்தப் பட்டியலிலும் இல்லை. ஆதலால் அது ஒரு சிக்கலாக மட்டுமே தெரிந்தது.

லண்டன் அதிகாரியின் கஞ்சத்தனத்தைப் படித்து நாம் சிரிக்கிறோம். எனினும், வாரம் ஒரு ஷில்லிங் என்று அவர் எழுதிய கணத்தில் அந்த மூன்று பூனைகளின் வயிற்றுக்கு ஓர் அரசு பொறுப்பேற்றுக்கொண்டது. சென்னைக்கு வந்த பூனைக்கு இல்லாமற்போனது அந்த ஒரு வரிதான்.